உமரிச் சாம்பல்

“சோடா உப்பெல்லாம் கப்பல்ல வந்த சரக்கு. அதுக்கு முன்னால நம்ம ஊருல உமரியத்தான் எரிச்சாங்க. உங்க ஆச்சி பாத்திரம் வெளக்குனது அந்தச் சாம்பல்லதான்.” எங்கள் குடும்ப விசேஷம் எதுவானாலும் தாய்மாமா இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்கு நினைவிருப்பது அங்கணத்தின் ஓரமாக இருந்த இரண்டு சிரட்டைகள் மட்டுமே. ஒன்றில் சாம்பல். மற்றதில் உப்புப் போட்டுப் பிசைந்த புளி. அந்தச் சாம்பல் எதை எரித்துக் கிடைத்தது என்று கேட்க ஆச்சி இப்போது இல்லை. மாமாவுக்கும் அவர் சொல்லுக்கு மேல் சான்று கிடையாது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்களைக் கடந்து போகிறவர்கள் வரப்போரத்தில் உமரிச் செடியைப் பார்த்திருப்பார்கள். உப்புத் தண்ணீரிலேயே வளர்வதால் சோடியத்தைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் உள்நாட்டு விறகை எரித்தால் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் தூக்கலாக இருக்க, கடற்கரைச் செடியை எரித்தால் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, கிடைக்கிறது. ஸ்பெயினின் கடற்கரைகளில் இத்தகைய செடிகளை எரித்துக் கிடைத்த ‘பாரில்லா’ சாம்பலை வைத்துத்தான் ஐரோப்பா வெகுகாலம் சோப்பும் கண்ணாடியும் செய்தது. 1776-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் உமரி இனங்களைப் பார்த்துவிட்டு, உலகம் முழுமைக்கும் சோப்பும் கண்ணாடியும் செய்யப் போதுமான சோடாவை இவற்றிலிருந்தே எடுக்கலாம் என்று கருதினார். இதை அறிந்ததும் மாமா சொன்னதில் உண்மை இருக்கலாம் என்ற ஆசை எனக்குக் கூடிவிட்டது.

அந்த ஆசையோடுதான் ஒரு பெரியம்மாவைத் தேடிப் போனேன். வயது எழுபதைத் தாண்டியவர். இளமையில் தேரிக்காட்டில் அம்மாவோடு கருப்பட்டி காய்ச்சியவர், பிறகு பல ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியவர். உமரிச் சாம்பலைப் பற்றிக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உமரியப் போயி எவனாவது எரிப்பானா? அது கீரல்லா. ரெண்டு மூணு தண்ணி மாத்தி அவிச்சு உப்ப எறக்கிட்டு திங்கணும்.”

“இல்ல பெரியம்மா, பாத்திரம் வெளக்க…”

“வெளக்குனா பித்தளை பச்சை பூத்துரும். ஒனக்கு யாரு சொன்னா?”

மாமா பெயரைச் சொன்னேன். “அவரு பாத்திரம் வெளக்கியிருக்காராய்யா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவரை விட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை போனபோது ராக்ஸ்பர்க் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தத் தொரை எரிச்சுப் பாத்தாரா?” என்றார். துணி வெளுக்க உமரி உதவியதா என்றேன். அதற்கு வண்ணாரின் உவர்மண்ணும் வெள்ளாவியும் இருக்கும்போது உமரி எதற்கு என்றார். எப்படி மாற்றிக் கேட்டாலும் அவர் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: பனஞ்சாம்பல். கருப்பட்டி காய்ச்சும் அடுப்பில் பனை மட்டையும் ஓலையும் எரியும். அந்தச் சாம்பலைத் துணியில் சலித்துச் சிரட்டையில் வைப்பார்கள். தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி விற்க வருகிற பெண்கள் கூடவே ஒரு பொட்டலம் சாம்பலும் கொடுத்துவிட்டுப் போவார்களாம். காசு வாங்க மாட்டார்கள்.

உமரிச் சாம்பலால் பித்தளை பச்சை பூக்கும் என்று அவர் சொன்னதை நானே சோதித்துப் பார்க்க நினைத்தேன். வரப்பில் நின்ற உமரியைப் பறித்து வந்து வெயிலில் போட்டேன். அது உலர்வதற்குள் பொறுமை போய்விடும். எரித்தாலோ தீயைவிடப் புகைதான் அதிகம். கட்டி கட்டியாகக் கிடைத்த சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிவை இறுத்து, மஞ்சள் தூள் கரைத்த நீரில் ஊற்றினேன். சட்டென்று செக்கச் சிவந்தது. மஞ்சள் அப்படிச் சிவந்தால் காரம் இருக்கிறது என்று பொருள். ராக்ஸ்பர்க் கண்ட சோடா என் கண்ணெதிரே இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பித்தளைக் கிண்ணத்தில் தேய்த்தேன், பிசுக்கும் போயிற்று. ஆனால் அரைகுறையாக அலசி வைத்த கிண்ணத்தில், கடற்காற்றின் ஈரம் பட்டு, சில நாளில் பச்சைக் களிம்பு படர்ந்தது. உமரிச் சாம்பலில் சோடாவோடு சாதாரண உப்பும் நிறைய இருக்கிறது. அந்த உப்பில் உள்ள குளோரைடு பித்தளையை அரிக்கிறது. பெரியம்மா சொன்னது அப்படியே நடந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. எந்தச் சாம்பல் என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் வேறொன்றைச் சொன்னார். “மொதல்ல சாம்பல், பெறவு கழுவிட்டுப் புளி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணு ஒண்ண தின்னுரும்.” 1961-இல் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் சிறுமி. முத்து வைத்த மோதிரம் போட்ட கையால் புளியைத் தொட்டால்கூட வீட்டில் திட்டு விழுமாம். முத்து கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்டால் ஒளி மங்கிவிடும். எது எதைத் தின்னும் என்ற கணக்கு அந்த வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம்.

என் தேடல் அங்கே திரும்பியது. ஆச்சியின் அங்கணத்தில் இரண்டு சிரட்டைகள் ஏன் தனித்தனியாக இருந்தன என்பதற்கான விடை அதுதான். சாம்பலின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கி வெளியேற்றும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கருமையைக் கரைக்கும், உப்பு அதற்குத் துணை. இரண்டையும் கலந்தால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். இன்று சமையல் சோடாவின் மேல் வினிகரை ஊற்றிப் பொங்கவிட்டு அதையே மந்திரக் கலவை என்று காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நுரை அடங்கியதும் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற ஓர் உப்பும்தான். இரண்டு பொருளும் வீண்.

உமரியை எரிக்கும் வேலையை உலகமும் விட்டுவிட்டது. 1791-இல் பிரான்சில் லெப்லாங்க் கடலுப்பிலிருந்தே சோடா செய்யும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். 1861-இல் பெல்ஜியத்தின் சால்வே அதைவிட மலிவான வழி கண்டார். சால்வே முறையிலிருந்து கிளைத்த ஒரு முறைதான் தூத்துக்குடி ஆல்கலி ஆலைக்கும் வந்தது. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்து முதலில் சமையல் சோடா படியும். அதைச் சூடாக்கினால் சலவைச் சோடா, உடன்விளைவாக அம்மோனியம் குளோரைடு உரம். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்து இங்கே சோடா செய்கிறார்கள் என்று 2017 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆக, மாமா சொன்ன சாம்பலும் இந்த ஊர்ச் செடியில் இருக்கிறது, அவர் கப்பலில் ஏற்றிய சோடாவும் இந்த ஊரிலேயே விளைந்திருக்கிறது. ஆச்சியின் சிரட்டையில் இருந்தது மட்டும் பனஞ்சாம்பல் என்றே நான் முடிவு செய்கிறேன்.

வாசகர்கள் இதை மட்டும் கடைப்பிடித்தால் போதும். பிசுக்குக்குச் சலவைச் சோடா, நன்றாக அலசிய பிறகு கறைக்குப் புளியோ எலுமிச்சையோ. அலுமினியத்துக்குச் சோடா ஆகாது, கருத்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும், கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், எழும்புவது குளோரின் நச்சுவாயு.