பூ எடுக்கும் முன்

புதுச் சீட்டுக்கட்டின் உறையைப் பிரித்ததும் எழுகிற அச்சு மை வாசனை, கோயம்புத்தூர் அடுக்ககம் ஒன்றின் கூடத்தில் தங்கை மகள் டாரட் சீட்டுகளை விரித்துப் போட்டபோது, நெடுநாள் முகராத இன்னொரு கட்டின் வாசனையை, எண்ணெயும் வேர்வையும் நெல் தூசும் ஏறிக் கருத்துப்போன விளிம்புகளின் வாசனையைக் கிளப்பிவிட்டது. அவள் கையில் இருந்தவை 78 சீட்டுகள், 22 பெரியவை, 56 சிறியவை, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடியவை, 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் குறி சொல்லும் வேலைக்கு வந்தவை, படங்கள் 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்காகப் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தவை, அழகான படங்கள். அவள் கேட்டது, "அவன் மனசுல என்ன இருக்கு?" இடி விழுந்த கோபுரத்திலிருந்து இரண்டு பேர் தலைகீழாக விழும் சீட்டு வந்தது, பிடிக்கவில்லை, கலைத்துப்போட்டு மறுபடி எடுத்தாள்.

கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிச் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடும், காங்கேயம் காளைகளின் மூச்சும் சாணமும் மிதிபட்ட வைக்கோலும் கலந்து வெயிலில் காயும் நெடிக்கு நடுவே, புளியமர நிழலில் அந்தக் கருத்த கட்டோடு கிளி ஜோசியர் உட்கார்ந்திருப்பார், கூண்டுக் கதவைத் தூக்கியதும் கிளி நடந்து வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வித் தள்ளி ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். காளையை ஓட்டி வந்த கிழவர்கள் துண்டை விரித்து அமர்ந்து, இன்றைக்கு வந்த விலைக்கே கொடுத்துவிடலாமா, இன்னும் ஒரு நாள் கட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளியைப் பிடித்து அடைப்பது குற்றம், அந்த ஜோசியர்கள் இப்போது கண்ணில் படுவதே அரிது, கிளிக்கு அது நல்லதுதான்.

அந்தக் கிழவர்களைப் போலக் கேட்கத் தெரிந்தவள் எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். அவள் சாமியிடம் பூக் கேட்கப் போகிறாள் என்பது சில நாட்களுக்கு முன்பே வீட்டில் தெரிந்துவிடும், பேச்சுக் குறையும், சாயங்காலம் பனைகளுக்கு இடையே மஞ்சள் வெயில் திண்ணையில் சாயும்போது சிறு உரலில் வெற்றிலை இடிக்கும் சத்தம் விட்டுவிட்டு வரும், கேள்வியை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருப்பாள், ஒரு வடிவத்துக்கு வந்ததும் தாத்தாவிடம், எங்கள் அப்புச்சியிடம், சொல்லிப் பார்ப்பாள். "ஏனுங், இந்த வருசம் வெள்ளாமை நல்லா வருமான்னு கேக்கட்டுங்ளா?" அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "எது வந்தா நல்லதுங்கற, அதச் சொல்லு மொதல்ல" என்பார், அவள் எழுந்து போய்விடுவாள், மறுநாள் வேறு கேள்வியோடு வருவாள். மழை வருமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஏன் என்று கேட்டதற்கு, "அது சாமி பாடு கண்ணு, வெதைக்கலாமா வேண்டாமான்னுதான் நாம கேக்கோணும்" என்றாள்.

சின்னம்மாவின் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அப்படித்தான், அவள் வாழ்வாளா என்று கேட்கவில்லை, வைகாசியிலேயே முடித்துவிடலாமா, தை வரைக்கும் பொறுக்கலாமா என்று கேட்டாள், வெள்ளைப் பூ வந்தால் வைகாசி, அதற்கு எந்தக் காட்டுப் பணத்தை எடுப்பது, சிவப்பு வந்தால் தை, மாப்பிள்ளை வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்பதெல்லாம் பூப் பறிக்கும் முன்பே பேசி முடிந்திருந்தது. விடியும் முன்னே தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சளும் ஈரச் சேலையும் மணக்க, வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் சுருட்டி வாழை நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்தாள், கற்பூரப் புகையில் கண் எரிய நான்தான் ஒன்றை எடுத்தேன், சிவப்பு. யார் முகமும் வாடவில்லை, பெரிய மாமா அன்றைக்கே பஸ் ஏறினார், தையில் கல்யாணம் நடந்தது.

சிவன்மலைக்கும் அவள்தான் கூட்டிப் போவாள், அங்கே சுப்பிரமணியர் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, பக்தர் ஒருவர் கனவில் சாமி ஒரு பொருளைச் சொல்ல, அவர் வந்து சொல்ல, சன்னதியில் பூப் போட்டுப் பார்த்து வெள்ளை வந்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும், வரப்போவதை அது காட்டும் என்பது நம்பிக்கை. ஒருமுறை தண்ணீர் வைத்திருந்தார்கள், படியிறங்கும் கூட்டமெல்லாம் வெள்ளமா வறட்சியா என்று வாதாடிக்கொண்டிருந்தது, அம்மாயி வீட்டுக்கு வந்து கிணற்றில் தூர் எடுக்க ஆள் சொல்லியனுப்பினாள்.

பின்னாளில் பெரிய மாமாவோடு வைத்தீஸ்வரன்கோயில் போனபோது, எண்ணெய் தடவிய பழைய ஓலையின் கசந்த வாசனை நிறைந்த அறையில், மாமாவின் வலது கைக் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு நாடி ஜோதிடர்தான் கேள்வி கேட்டார், மாமா ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும், அவருக்கான ஏடு அப்படித்தான் தேடப்படும். பங்காளியோடு இருந்த நில வழக்கைப் பற்றி எழுதிக் கொண்டுபோன தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது அதைப் பிரித்து வாசித்தவர், "இதுல பாதி, நானே வக்கீலுகிட்டக் கேக்க வேண்டியது" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

டாரட் படிக்கிறவர்களில் நிதானமானவர்களும் அம்மாயியின் வழியையே சொல்கிறார்கள், பிறர் மனதைத் துழாவாதே, நடக்குமா என்று கேட்பதைவிட நான் என்ன செய்யலாம் என்று கேள், ஒரே கேள்வியைப் பிடித்த சீட்டு வரும்வரை கேட்காதே. தங்கை மகளின் படங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அவளுடைய கேள்வியைக் கேட்டுவிட்டு, "எது வந்தா நல்லதுங்கற?" என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் இல்லையே என்பதுதான் குறை. இப்போது கைபேசியிலேயே சீட்டு எடுக்கலாம், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

சீட்டு எடுக்கப் போகிறவர்கள் கேள்வியை முதல் நாளே தாளில் எழுதுங்கள், வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள், எந்தப் பதில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அதன் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியும் ஒன்றாகவே இருந்தால் சீட்டுக்குச் செலவழிக்காதீர்கள், போய் அந்த வேலையைச் செய்யுங்கள்.