மருத்துவரின் கைபேசியும் தந்தையின் நோயும்

மருத்துவர் தம் கைபேசியைப் பார்த்து ஆலோசனை கூறினால் நம்மவர் பலர் ஐயுறுகின்றனர். எனக்கு அந்த ஐயம் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021ஆம் ஆண்டு, பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. அக்குழுவின் பரிந்துரைகள் கைபேசிச் செயலியிலும் உள்ளன. வயது, பாலினம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் குறித்தால், உரிய பரிசோதனைகளை அது நொடியில் காட்டும். எல்லாவற்றையும் எந்த மருத்துவர்தாம் நினைவில் வைத்திருக்க இயலும்?

அந்நாட்டில் பணிபுரியும் என் தம்பிக்கு வயது 39. செயலியின் கணக்குப்படி இன்னும் 6 ஆண்டுகள் பொறுக்கலாம். ஆயினும் அவனுடைய மருத்துவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "உம் தந்தை எந்த நோயால் இறந்தார்?" என்று வினவினாராம். பெற்றோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் கண்டிருந்தால், பிள்ளைகள் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போதே குடலை உள்நோக்கிக் கருவியால் சோதிக்க வேண்டும் என்பது அங்குள்ள வல்லுநர் நெறி.

"வயிற்றுப்புண்" என்றே நாங்கள் நம்பி வளர்ந்திருந்தோம். தொலைபேசியை வாங்கி அம்மாதான் உண்மையை உரைத்தார்: புற்றுநோய், 47 வயதில் கண்டது. மலத்தில் இரத்தம் போனதை வெளியில் சொல்லக் கூச்சம். பெண்பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சம் வேறு.

தம்பிக்குச் சோதனை இரண்டாண்டு பிந்தியே நடந்தது. இரு சிறு கட்டிகளை அகற்றினர். புற்று இல்லை. ஐந்தாண்டுக்குப்பின் மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றனர். எனக்கும் தங்கைகளுக்கும் திருச்சியில் நாள் குறித்தாயிற்று.