அந்தியூர் சந்தையில் வாங்கிய ஒற்றைக் குதிரை வீடு வந்து சேர

ஆடி மாதம் பிறந்து காற்று வலுக்கத் தொடங்கினால், ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்துக் காடுகரைகள் சந்தைத் திடலாகிவிடும். குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் இந்தச் சந்தைக்கு பர்கூர் மலை மாடுகள், காங்கயம் காளைகள், எருமைகள், ஆடுகள் எல்லாம் வரும். ஆனால் வெளியூர்க்காரர்கள் அந்தியூர் என்றதும் முதலில் கேட்பது குதிரையைத்தான். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை பிடித்த சந்தை இது என்று ஊரில் சொல்வதுண்டு. இன்றைக்கும் மார்வார், கத்தியவார், வெள்ளை வெளேரென்ற நொக்ரா, நாட்டு மட்டக்குதிரை என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்ல. ரேக்ளாவுக்கு ஒரு குதிரை, திருமண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் வாடகைக்கு அனுப்ப ஒன்று, குட்டி எடுத்து விற்க ஒரு பெட்டை என்று ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகளும் உண்டு. இரண்டு மாடு விற்ற பணமும் நகை அடகு வைத்த பணமும் அந்த ஒரு பிராணியில் போய் நிற்கும்.

அதனால்தான் பார்ப்பதை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். "ஏனுங்க, பல்லுப் பார்த்துக்கலாமுங்களா?" என்று கேட்டு வயதைக் கணிப்பார்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, வயிற்றுச் சுழி என்று விரலால் தடவி எண்ணுவார்கள். மார்வார், கத்தியவார் குதிரைகளுக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட வேண்டும். அதையும் எட்டிப் பார்ப்பார்கள். நடக்க விட்டு, ஓட விட்டு, குளம்பைத் தூக்கிப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிக்க அரை நாள் ஆகும்.

வண்டி பிடிக்க மட்டும் ஐந்து நிமிஷம். "எவ்வளவுங்கண்ணா வாடகை?" என்ற ஒரு கேள்விதான். சந்தை முடியும் நாளில் வண்டிக்குத் தட்டுப்பாடு வேறு, கிடைத்ததில் ஏற்றிவிடுகிறார்கள். சுழியில் குற்றம் இல்லாத குதிரை வழியில் கால் உடைந்து இறங்கினால் அந்தச் சுழியால் என்ன பயன்? குதிரைக்குக் கால் எலும்பு முறிந்தால் மாட்டைப் போல் ஓரளவுக்குத் தேற்றி வைத்துக்கொள்ளவும் முடியாது.

சந்தைத் திடலில் அதிகம் நிற்பது 'குட்டியானை' என்று ஊரில் பெயர் வாங்கிய சிறு சரக்கு வண்டிதான். வாடகை குறைவு, வீட்டு வாசல் வரை வரும். இதில் ஒரு குதிரையை ஏற்றலாமா என்பதே பலருக்கும் உள்ள சந்தேகம். எடைக் கணக்கில் பார்த்தால் தாங்கும். நல்ல வளர்ச்சியுள்ள மார்வார் குதிரை 350 முதல் 450 கிலோ வரை இருக்கும். அந்த வண்டி முக்கால் டன் அளவுக்குச் சரக்கு ஏற்றக்கூடியது. எடையைத் தாங்கும் வண்டி ஆட்டத்தைத் தாங்காது என்பதுதான் சிக்கல். சிமென்ட் மூட்டை ஏற்றினால் பாரம் தரையோடு படுத்திருக்கும். குதிரையோ நின்றுகொண்டேதான் வரும். அதன் பாரம் முழுவதும் வண்டித் தளத்திலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் இருக்கிறது; அந்தப் பாரம் அசையவும் செய்கிறது. வளைவில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்தால் குறுகலான வண்டியும் அதே பக்கம் சாயும்.

இன்னொன்று நீளம். 2015-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு பிராணிக்கும் தனித் தடுப்பு வேண்டும். குதிரைக்கு அந்த இடம் 2.25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் 24 சதுர அடி. ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள குட்டியானைத் தளம் பரப்பளவில் இதைத் தாண்டிவிடும். ஆனால் தலையை இயல்பாக நீட்டி நிற்கும் பெரிய குதிரைக்கு ஏழரை, எட்டு அடி தேவை. அதனால் தலையைத் தூக்கி ஓட்டுநர் கேபினுக்கு மேல் நீட்டியபடியே அது பயணம் செய்கிறது. எதிர்க்காற்றும் தூசியும் கண்ணில் அடிக்கும், சாலையோரப் புளியமரக் கிளை முகத்தில் அறையும். மட்டக்குதிரைக்கோ குட்டிக்கோ இந்த வண்டி போதும். நாலே முக்கால் அடிக்கு மேல் தோள் உயரமுள்ள குதிரைக்கு, தளம் 8 அடிக்குக் குறையாத பிக்கப் வண்டியே சரி. வாடகை கூடுதல்தான், குதிரை விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு மாதத் தீவனச் செலவுகூட இராது.

பிக்கப்பிலும் ஒரு குறை உண்டு. ஒன்றரை டன் சுமக்கச் செய்த ஸ்பிரிங் பட்டைகள், 400 கிலோ குதிரை ஒன்று மட்டும் ஏறினால் அமுங்கிக் கொடுக்காது. ஒவ்வொரு குழியும் நேராகக் குதிரையின் காலில் இடிக்கும். தளத்தில் மணல் மூட்டைகளை ஓரமாக அடுக்கிக் கட்டினால் ஆட்டம் கொஞ்சம் அடங்கும். மெதுவாகப் போவதற்கு மாற்று எதுவும் இல்லை. 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள், குதிரை ஏற்றிய சரக்கு வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றே சொல்கின்றன. அந்தக் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால், "அடுத்த லோடு இருக்குதுங்க" என்ற பதில்தான் வரும்.

அந்த விதிகளைப் படித்தவர்கள் சந்தையில் குறைவு. ஆனால் அவை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வது போலத்தான் இருக்கின்றன. தளம் வழுக்காதபடி விரிப்பு வேண்டும். பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். பிராணிகளுக்கு இடையே 8 செ.மீ.க்குக் குறையாத பருமனுள்ள மூங்கிலும், பின்பக்கம் இரண்டு வலுவான குறுக்குக் கட்டைகளும் வேண்டும். கூடவே ஒரு ஆள் வர வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்க, தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. அது அகலமான லாரிக்குப் பொருந்தும். ஐந்தடி அகலச் சிறு வண்டியில் குதிரை குறுக்கே நிற்க வழியில்லை. முன்னோக்கித்தான் நிறுத்த முடியும்.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது தளத்தைத்தான். லாடம் அடித்த குளம்பு இரும்புத் தகட்டில் நிற்காது. வெறும் வைக்கோலை விரிப்பது இன்னும் மோசம்; மூத்திரம் பட்டதும் அது சோப்புப் போல வழுக்கும். ரப்பர் விரிப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தென்னை நார்ப் பாயோ சாக்கோ விரித்து, மேலே இரண்டு விரற்கடை மணல் பரப்பினால் போதும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில் இருக்கிறது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் மிதிக்கும்போது வழுக்குவதும் அந்தக் கால்கள்தான். அதனால் மார்பு உயரத்தில், சாக்கு சுற்றிய ஒரு குறுக்குக் கட்டை முன்னால் இருக்க வேண்டும். பக்கத்துக் கம்பிக் கூண்டில் கீழ் நான்கடிக்குப் பலகை அடைத்திருக்க வேண்டும். கம்பி இடைவெளியில் குளம்பு சிக்கினால் குதிரை இழுத்தே காலைக் கெடுத்துக்கொள்ளும்.

குதிரையை அடிக்கடி வெளியூர் கொண்டு போகிறவர்கள், ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் ஒற்றைக் குதிரை டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். தளத்தைத் தரைக்குச் சமீபமாக வைக்கலாம், குதிரை முழங்கால் உயரம் ஏறினால் போதும், நிலையும் ஆடாது. கனம் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. டிரெய்லரின் கனமும் குதிரையின் கனமும் சேர்ந்து, ஜீப் இழுக்கக்கூடிய அளவுக்குள் அடங்க வேண்டும். ஆனால் கனத்தைக் கூரையிலும் பக்கத் தகட்டிலும் குறைக்கலாம். தளத்திலும் அச்சிலும் இணைப்புக் கொக்கியிலும் குறைக்கக் கூடாது. மரப்பலகைத் தளமானால் மூத்திரம் இறங்கி அடியில் உளுத்துப் போகும். மேலே பார்த்தால் தெரியாது. ஆண்டுக்கொரு முறை பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓடும்போது தளம் உடைந்து கால் சாலையில் உரசுவதைவிடக் கொடிய விபத்து குதிரைக்கு இல்லை. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி குதிரை நிற்கும் இடம் அமைய வேண்டும். பின்னால் விழுந்தால் டிரெய்லர் பாம்பு போல நெளியும், ஜீப்பையும் சேர்த்து இழுக்கும். டிரெய்லருக்கெனத் தனி பிரேக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவும் வேண்டும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மண்ணும் கரும்பும் ஏற்றச் செய்த வண்டி அது. அதன் இடி குதிரைக்கு ஆகாது.

ஏற்றும் இடத்தைத் திடலில் நின்று கவனித்தால் போதும், யார் அனுபவசாலி என்று தெரிந்துவிடும். தெரிந்தவர் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒரு மண்மேட்டில் அல்லது வாய்க்கால் கரையில் ஒட்டி நிறுத்துவார். தளமும் கரையும் ஒரே மட்டமாகும். குதிரை நடந்தே உள்ளே போய்விடும். மேடு இல்லாத இடத்தில் இரண்டடி உயரத்துக்கு ஆறடிப் பலகை வைத்தால் சரிவு ஏறக்கூடியதாக இருக்கும். பலகையில் குறுக்குச் சட்டம் அடித்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் நான்கு பேர் முன்னால் இழுக்க, இரண்டு பேர் பின்னால் அடிக்க, குதிரை எகிறி விழும். ஒரு முறை அப்படி மிரண்ட குதிரை அடுத்த முறை வண்டியைப் பார்த்தாலே பின்வாங்கும். கையில் கொஞ்சம் கொள்ளும், கால் மணி நேரப் பொறுமையும் அடியைவிட விரைவாக வேலை செய்யும்.

உள்ளே கடிவாளத்தில் கட்டக் கூடாது, கழுத்துக் கயிற்றிலும் கட்டக் கூடாது. முகக்கயிற்றில், இரண்டடி நீளம் விட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். கால்களைக் கட்டவே கூடாது. விழுந்தால் எழ முடியாது. தலையை மேலே இறுக்கிக் கட்டுவதும் தவறு. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக் குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றுகிறது. பல மணி நேரம் தலை தூக்கியே நின்றால் நுரையீரல் காய்ச்சல் வரலாம். தூரப் பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கொரு முறை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தண்ணீர் காட்ட வேண்டும். வாளியைச் சொந்தமாகக் கொண்டு போவது நல்லது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் பொதுத் தொட்டி வழியாகப் பரவக்கூடியது, மனிதருக்கும் தொற்றும். விற்பவரிடம் இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குவதும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்று பெறுவதும் பல் பார்ப்பதைப் போன்றே வாங்கும் வேலையின் பகுதி.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதில் எதுவும் தேவைப்படாது. பர்கூர் மலை மாடுகளைச் சந்தைக்கு நடத்தியே கொண்டுவரும் வழக்கம் இந்தப் பக்கம் பழையது. 15 கிலோமீட்டருக்குள் வீடு என்றால், வெயில் தாழ்ந்ததும் மண் தடம் வழியாகக் கையில் பிடித்து நடத்திப் போகலாம். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். மலைப்பாதை வழியாகக் கர்நாடகப் பக்கம் போகிறவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குதிரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் கால் மாற்றி ஊன்ற வேண்டியிருக்கும். அந்த வழிக்குக் குட்டியானை வேண்டவே வேண்டாம். பிக்கப்பிலும் விடியற்காலையில் கிளம்புவது உத்தமம்.

வீடு சேர்ந்ததும் இறக்குவதில் அவசரம் கூடாது. குறுகிய வண்டியில் குதிரை திரும்ப முடியாது, பின்னோக்கித்தான் இறங்கும். முன்கயிற்றை அவிழ்த்து ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகே பின்கட்டையை எடுக்க வேண்டும். கட்டியிருக்கும்போதே பின்னால் திறந்தால், குதிரை பின்னால் பாய்ந்து கயிறு இழுத்து, மிரண்டு, தலையைக் கூண்டில் மோதிக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் இடுப்பில் கை வைத்து வழி காட்டினால் ஒவ்வொரு அடியாக இறங்கிவிடும். இறங்கியதும் பத்து நிமிஷம் நடத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, அன்று இரவு புல் மட்டும் போட வேண்டும். களைத்து வந்திருக்கிறதே என்று கொள்ளை அள்ளிக் கொட்டுவது பாசத்தால் செய்யும் கெடுதல். குதிரைக்கு வாந்தி எடுக்க வழியில்லை, வயிறு கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் காலை லத்தி வழக்கம்போல் போட்டிருக்கிறதா, மூக்கில் சளி வடிகிறதா என்று பார்க்க வேண்டும். லத்தி போடாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, இரண்டு மூன்று நாளில் இருமல் கண்டாலோ உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.