ஒட்டாத எலும்பும் பிரண்டைத் துவையலும்

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பையன் ஒருத்தன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பார்க்கப் போயிருந்தேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவன், "ஒன்றரை மாசத்துல ஒட்டிக்கும்ல சார்?" என்றான். "ஒட்டிக்கும்டா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் மனசு கேக்கலை. அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கணும். அவன் அம்மா பக்கத்திலேயே நின்றதால் கேட்கவில்லை. அது என்ன கேள்வி என்பதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

2006 ஆகஸ்ட், திருச்சி. ராத்திரி பத்தரை மணி. பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர். நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் விழுந்திருந்தால் பரவாயில்லை. ரெண்டு பேரும் ஒரே பக்கம் விழுந்தோம், நான் கீழே, வண்டி மேலே. இடது காலில் டிபியா எலும்பு, கணுக்காலுக்கு ஒரு ஜாண் மேலே, ரெண்டாகிவிட்டது. அதை ஒட்டினாற்போல் இருக்கும் ஒல்லி எலும்பு, ஃபிபுலா, உடையவில்லை. தோலும் கிழியவில்லை. "ஒண்ணுதானே உடைஞ்சிருக்கு, அதிர்ஷ்டக்காரன்"னு சொந்தக்காரங்க எல்லாரும் ஆப்பிளோட வந்து சொல்லிட்டுப் போனாங்க. அந்த அதிர்ஷ்டத்தின் லட்சணம் பின்னாடிதான் தெரிந்தது.

டாக்டர் எலும்பை நேராக்கித் தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார். அதுக்கு முன்னாடி, "சுகர் இருக்கா? சிகரெட் உண்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது டாக்டர்." நானும் தலையாட்டினேன். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவன், கூச்சமே இல்லாமல் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் அம்மாவின் வைத்தியம் ஆரம்பித்தது. வாரம் ரெண்டு நாள் ஆட்டுக்கால் சூப். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரண்டைத் துவையல். பிரண்டை ஆய்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டாலும் அரிப்பு விடாது. அம்மா ரெண்டு தெரு தள்ளி ஒரு வேலியில் போய்ப் பறித்துவந்து, கணு நீக்கி, நாரெடுத்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைப்பாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் கையைச் சொறிந்துகொண்டிருப்பாள். (பிரண்டையைச் சும்மா பாட்டி வைத்தியம்னு தள்ளிட முடியாது. 1960களிலேயே பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலும்பு முறிந்த விலங்குகளுக்கு அதைக் கொடுத்து சோதித்திருக்கிறார்கள்.)

அவள் பிரண்டை பறிக்கப் போகும் நேரம்தான் எனக்குத் தோதான நேரம். நண்பன் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு நொண்டிப் போய் ரெண்டு இழுத்துவிட்டு வருவேன். அவள் எலும்பு ஒட்டுவதற்கு வழி தேடப் போன நேரத்தில் நான் செய்த காரியம் இது. இதை எழுதும்போதே கை கூசுது.

சரி, எலும்பு எப்படி ஒட்டுகிறது? உடைந்தவுடன் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. அந்த ரத்தக்கட்டிதான் வேலையின் தொடக்கம். அதற்குள் செல்கள் வந்து சேர்கின்றன, புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. ரெண்டு மூணு வாரத்தில் ரெண்டு முனைகளையும் சேர்த்து குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் உருவாகிறது. அதில் சுண்ணாம்புச்சத்து படிந்து கெட்டி எலும்பாகிறது. பிறகு மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட, உடம்பு அதைச் செதுக்கிச் சீராக்குகிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு அப்படியில்லை, தழும்பு வைக்காமல் எலும்பாகவே திரும்பி வரும்.

இதற்கு முக்கியமாக ரெண்டு விஷயம் வேணும். ஒன்று, ரத்த ஓட்டம். இன்னொன்று, நிலையாக இருப்பது. கொஞ்சமே கொஞ்சம் அசைவு நல்லதுதான், பாலம் கட்ட அது தூண்டும். அதிகமானால் கட்டக் கட்டப் பிய்ந்துபோகும். இடைவெளி பெரிதாக இருந்தாலோ, சீழ் பிடித்தாலோ, சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ அது தனித் தொல்லை.

எந்த எலும்பு என்பதும் முக்கியம். மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் அது உடையலாம். அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்குத் தண்ணி கட் ஆன கடைமடை வயல் நிலைமை. டிபியாவின் கீழ்ப்பகுதியும் கிட்டத்தட்ட அப்படித்தான். முன்பக்கம் தடவிப் பாருங்க, தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டும். மூடிக் காப்பாற்றி ரத்தம் கொடுக்கும் சதை அங்கே குறைவு. அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முறிவுகளை அலசி 2016ல் வெளிவந்த ஆய்வில், சுமார் 5 சதவீதம் ஒட்டாமல் போயிருந்தன. இருபதில் ஒன்று. அந்த ஒன்று நான்.

நாலு மாசத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், கோடு அப்படியே இருந்தது. "லேட்டாகுது, பார்க்கலாம்" என்றார் டாக்டர். ஆறு மாசம், அதே கோடு. ஒன்பது மாசம் ஆகியும், கடைசி மூணு மாசமாக எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், இனி தானாக ஒட்டாது என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 2007 மே மாசம் அந்தக் கணக்குக்குள் நானும் வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சமையலறையில் அம்மா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான்தான் ஏதோ சரியாச் செய்யலை. சூப்பை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டிருக்கணும் போல." எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி புரண்டு படுத்துக்கொண்டேன்.

அடுத்து வேறொரு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விளக்கினார். ஒட்டாத எலும்பில் ரெண்டு ஜாதி உண்டாம். ஒன்று, முனைகள் யானைப் பாதம் மாதிரி பருத்திருக்கும். உடம்பு எலும்பை உற்பத்தி செய்கிறது, பிடிப்புதான் போதவில்லை என்று அர்த்தம். இறுக்கிக் கட்டினாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். இன்னொன்றில் முனைகள் மெலிந்து, தேய்ந்த பென்சில் மாதிரி இருக்கும். அங்கே உயிர்ச்சத்தே போதவில்லை. என்னுடையது ரெண்டாவது ஜாதிப் பக்கம் சாய்ந்திருந்தது.

"அப்புறம் இந்த ஃபிபுலா" என்றார். அது உடையாமல் இருந்ததே பாதகமாம். முழுசாக நிற்கும் ஒல்லி எலும்பு முட்டுக்கொடுத்த கழி மாதிரி, உடைந்த ரெண்டு முனைகளையும் ஒன்றையொன்று அழுத்த விடாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆபரேஷனில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கணும் என்றார். சொந்தக்காரங்க சொன்ன அதிர்ஷ்டம் இதுதான்!

அம்மா பில் கட்ட வெளியே போனாள். டாக்டர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, எத்தனை சிகரெட்?" என்றார். பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். அவர் திட்டவில்லை. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே ரத்தம் குறைவான இடத்துக்கு இது ரெண்டும் போதும் என்றார். தோல் கிழிந்து டிபியா உடைந்தவர்களை வைத்து 2005ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், புகைப்பவர்களுக்கு எலும்பு சேரும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. அதைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

"என்னால்தான் ஒட்டலையா டாக்டர்?"

"உடைஞ்ச இடம், ஃபிபுலா, சிகரெட். இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மூணுல ஒண்ணுதான் உன் கையில இருந்துச்சு. விட்டாத்தான் கத்தி வைப்பேன். வீட்ல சொல்லிடு."

அன்று சாயங்காலம் சொன்னேன். அம்மா பிரண்டை நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அழவில்லை, திட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "இனிமே இதைப் பண்ணணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றாள்.

"பண்ணும்மா" என்றேன். அன்றைக்கு விட்டதுதான், இன்றுவரை தொடவில்லை.

ஜூனில் ஆபரேஷன். எலும்புக்குள் நீளக் கம்பி செருகி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்பை உடைந்த இடத்தில் நிரப்பினார்கள். சொன்னால் நம்ப மாட்டீங்க, காலை விட இடுப்புதான் அதிகம் வலித்தது. நவம்பர் எக்ஸ்ரேயில் கோட்டைக் காணோம். அம்மா அந்த ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.

சிகரெட் பிடித்தும் எலும்பு ஒட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிடிக்காமலே ஒட்டாதவர்களும் இருக்கிறார்கள். நான் பிடிக்காமல் இருந்திருந்தாலும் என் கால் ஒட்டாமல் போயிருக்கலாம். யார் கண்டது? ஆனால் ஒன்பது மாசம் டாக்டருக்கு ஒரு தப்பான தகவல். ஒன்பது மாசம் அம்மாவுக்குத் தன் சூப் மேலேயே சந்தேகம். அது ரெண்டும் ஃபிபுலா செய்ததில்லை.

அந்தப் பையனுக்கு நாளைக்குப் போன் பண்ணப் போறேன். ஒன்றரை மாசம் இல்லடா, கால் எலும்புக்கு நாலஞ்சு மாசம் ஆவது சகஜம், பயப்படாதேன்னு முதல்ல சொல்லணும். அப்புறம், "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"ன்னு கேக்கணும். இல்லைன்னு சொன்னா, அந்தக் கேள்வியைக் கேக்கணும்.