டான்யூப் கரையில் ஒரு குதிரை

கறுப்புத் துணி விரித்த தட்டு. அதன்மேல் வரிசையாக வெள்ளி நாணயங்கள். இடக்கோடியில் இருப்பது மாசிடோனியாவின் மன்னன் இரண்டாம் ஃபிலிப் அடித்தது. எடை 14 கிராமுக்குச் சற்று மேல்.

முகப்பில் கடவுள் ஜியஸ். தலையில் இலைமாலை. நேரான மூக்கு. சுருள் சுருளாகத் தாடி.

பின்புறம் குதிரை. அதன்மேல் ஆடையில்லாத இளைஞன். கையில் வெற்றியின் ஓலை. கி.மு. 356இல் ஒலிம்பியாவில் ஃபிலிப்பின் குதிரை வென்றது. விளிம்பை ஒட்டிக் கிரேக்க எழுத்தில் அவன் பெயர்.

ஃபிலிப் இறக்கிறான். நாணயம் வடக்கே போகிறது. டான்யூப் கரையில் செல்டியர்கள் அதைப் பார்த்துத் தாங்களே அடிக்கத் தொடங்குகிறார்கள்.

கரி நெருப்பு. கையில் அச்சு. முனை மழுங்கிய உளியை வைத்து ஒரு தட்டு. ஒரு குழி. தள்ளி வைத்து இன்னொரு தட்டு. இன்னொரு குழி. குழிகள் சேர்ந்து குதிரையின் பிடரி ஆகின்றன.

கீழச்சு பட்டடையில் பதிந்திருக்கிறது. அதன்மேல் வெள்ளி வில்லை. அதற்கும் மேல் மேலச்சு. சம்மட்டி இறங்குகிறது. கொல்லன் எடுக்கிறான். வைக்கிறான். அடிக்கிறான்.

பேரன் காலத்துக் கைக்கு முன்னால் ஜியஸ் இல்லை. தாத்தா காலத்து நாணயம் இருக்கிறது.

தட்டில் அடுத்த நாணயம். கண் பெரிதாகிவிட்டது. இலைமாலை கோடுகளாகிவிட்டது. தாடி, புள்ளிகள். இன்னொன்றில் கன்னம் உருண்டு தனியே நிற்கிறது.

குதிரையின் மூட்டுகள் உருண்டைகள். கால்கள் உடலைத் தொடவில்லை. ஓட்டம் மட்டும் குறையவில்லை. இளைஞனுக்கு இப்போது ஒரு கோடும் ஒரு புள்ளியும். ஒரு வகையில் அவன் தோளுக்கு மேல் கிளை விரிகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் அவனை மரக் குதிரைவீரன் என்கிறார்கள்.

ஃபிலிப்பின் பெயர் எழுத்தாக இருந்தது. பிறகு கீற்றுகள். பிறகு புள்ளிகள். பிறகு வெறும் வெள்ளி.

ஒரு நாணயத்தின் குறுக்கே உளிவெட்டு. உள்ளே செம்பா என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். வெட்டின் அடியிலும் வெள்ளி.

பழைய பட்டியல்களில் இவற்றுக்கு எதிரே ஒரே குறிப்பு: காட்டுமிராண்டி நகல். ஆனால் பிடரியின் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவு.

வலக்கோடி. இன்றைய ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் போயி என்ற செல்டிய இனத்தார் அடித்த பெரிய நாணயம். கி.மு. முதல் நூற்றாண்டு. முகப்பில் ஒட்டியபடி இரண்டு தலைகள். கி.மு. 70இன் ரோமானிய தெனாரியஸ் நாணயத்தில் இருந்து வந்தவை. பின்புறம் குதிரைவீரன். கீழே மீண்டும் எழுத்து, இம்முறை லத்தீன்: பியாடெக். நகல் எடுத்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு பெயர்.

1993. ஸ்லோவாக்கியா தனி நாடாகிறது. புதிய நாட்டின் 5 கொருனா நாணயத்துக்குப் படம் வேண்டும். பியாடெக்கின் குதிரைவீரனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2009இல் யூரோ வரும்வரை கடை மேசைகளில் அவன் சில்லறையாகப் புழங்குகிறான்.