ஞாயிறு காலை 9:31

மெயில் வந்தபோது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். 2025 செப்டம்பர் 20, புரட்டாசி முதல் சனிக்கிழமை. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் உடனே திரும்புங்கள், உள்ளே இருந்தால் வெளியேறாதீர்கள் என்று கம்பெனி வக்கீல்கள் எழுதியிருந்தார்கள்.

சில மணி நேரத்துக்கு முன்னால்தான் வாஷிங்டனில் டிரம்ப் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். எச்-1பி மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். நம்ம காசுக்குச் சுமார் 88 லட்சம். கட்டாவிட்டால் வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவனுக்கும் இது உண்டா, ஒரு தடவையா, வருஷா வருஷமா என்று யாருக்கும் தெளிவில்லை. வணிக அமைச்சர் லுட்னிக் வருஷா வருஷம் என்கிற மாதிரி பேசியிருந்தார். அமலுக்கு வருவது சனி நள்ளிரவு தாண்டி 12:01-க்கு. ஏழாயிரம்பண்ணையில் அப்போது ஞாயிறு காலை 9:31.

மனைவியும் ஆறு வயது மகளும் டாலஸில். நான் இங்கே. அப்பா போன பிறகு வருகிற முதல் மகாளய அமாவாசை, அதே ஞாயிற்றுக்கிழமை. அதற்காகத்தான் வந்திருந்தேன்.

கையில் இருந்தது இருபத்தெட்டு மணி நேரம். சாத்தூர், மதுரை, சென்னை, துபாயோ தோஹாவோ, அதற்குப் பிறகு ஏதோ ஒரு அமெரிக்க நகரம். கூட்டிப் பார்த்தால் தொட்டும் தொடாமலும் வந்தது. டிக்கெட் விலை பார்க்கப் பார்க்க ஏறியது. "அமாவாசைக்கு இருக்க மாட்டியாய்யா?" என்றாள் அம்மா. பதில் சொல்லாமல் உத்தரவை முழுசாகப் படிக்க ஆரம்பித்தேன்.

வெளியாட்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து உள்ளூர்க்காரன் வேலையைப் பறிக்கிறார்கள், கூலியை இறக்குகிறார்கள், இந்த விசா தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. சாரம் இவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கூசியது. ஏனென்றால் இதே வாதத்தை முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் நான்தான் சொல்லியிருந்தேன்.

சித்தப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். வடக்கேயிருந்து வந்த பையன்கள் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். "இவனுக வந்து நம்மாளுக கூலி படுத்துருச்சே சித்தப்பா, ஒரு கட்டுப்பாடு வேணாமா?" என்று கேட்டவன் நான். டீயை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நம்மாளு எவன் வேலைக்கு வாரான்? நீ வாரியா?"

நான் போகவில்லைதான். அம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறியவள். விடியும் முன்னே பஸ் வந்துவிடும், கட்டை அடுக்கப் போக வேண்டும். என்னை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே விடவில்லை. பட்டாசு ஆபீஸ் என்றால் பேச்சே கிடையாது. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். படிச்சு வெளியே போயிரு என்று பிள்ளைகளை விரட்டிய ஊர் இது. நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில்தான் அந்தப் பையன் நிற்கிறான்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொழிலே வெளியூரில் கற்றுக்கொண்டு வந்ததுதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். கல்கத்தாவுக்கே அதை ஜப்பானியர்கள் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள்.

அதற்காக டிரம்ப் உத்தரவில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷமாக உள்ளே இருந்து பார்க்கிறவன் நான். எச்-1பி-யை வைத்து ஆளை மலிவாகப் பிடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் மலிவு எங்கிருந்து வருகிறது? என் விசா கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் 60 நாள், அதற்குள் இன்னொரு கம்பெனி மனுப் போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை நகர்வதே இல்லை. சம்பள உயர்வு கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

சித்தப்பா ஆபீசில் இருக்கும் ஒடிசாப் பையனிடம் ஒருமுறை எனக்குத் தெரிந்த இந்தியில் எப்போது ஊருக்குப் போவாய் என்று கேட்டேன். அட்வான்ஸ் கழிந்ததும் என்றான். எப்போது கழியும்? சிரித்தான்.

ஆள் வருவதால் மட்டும் கூலி இறங்குவதில்லை. வந்த ஆள் இடம் மாற முடியாமல் நிற்பதால் இறங்குகிறது. அவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, மலிவாக வேலை செய்கிறான் என்று அவன் மேலேயே பழி போடுகிறோம். ஒரு லட்சம் டாலர் அந்தக் கட்டை அவிழ்க்காது. வாசலில் விலைச்சீட்டு ஒட்டும், அவ்வளவுதான்.

அன்று முழுக்க வாட்ஸாப்பில் பீதி. விமானத்தில் ஏறிவிட்டு இறங்கியவர்கள் கதை, பாதிக் கல்யாணத்தில் கிளம்பியவன் கதை. 2023 மார்ச் ஞாபகம் வந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரில் பயந்துபோனவர்கள் ரயில் ஏறக் கூடினார்கள். "வதந்தியை நம்பி ஓடுறானுக பாரு" என்று அன்றைக்கு டாலஸில் உட்கார்ந்து சிரித்தவன் நான்.

நான் கிளம்பவில்லை. துணிச்சலெல்லாம் இல்லை, நேரம் கழிந்துவிட்டது. ஞாயிறு அதிகாலை வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளரின் விளக்கம் வந்தது: புது மனுக்களுக்கு மட்டும், ஒரே தடவை, ஏற்கெனவே விசா இருப்பவர்கள் போகலாம், வரலாம். மனைவிக்கு போன் போட்டேன். மகள் தூங்கிவிட்டாளாம். ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

கண்மாய்க் கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுக்கொண்டிருந்தபோது போனில் அலாரம் அடித்தது. 9:31. அணைக்க மறந்திருந்தேன்.

திரும்பும் வழியில் சித்தப்பாவிடம் சொன்னேன்: "அன்னிக்கு நான் பேசுனது தப்பு சித்தப்பா. அவன் அட்வான்ஸ தள்ளுபடி பண்ணிருங்க. இருக்கணும்னா இருக்கட்டும், நம்மாளு கூலியக் குடுங்க."

"மறுநாளே அடுத்த ஆபீசுக்குப் போயிருவானேடா."

"போகட்டும்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க முதலாளிட்ட இதச் சொல்லுவியா?"

இதுவரை சொன்னதில்லை.