வராத விருந்தாளிக்கு விரித்த பாய்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். அங்குள்ள சேர்வரை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் வேலை. படிக்கட்டுக்குக் கீழே, பழைய கோவைகளுக்கு நடுவே நிற்கும் ஒற்றைப் பெட்டி அது. உள்ளே கொஞ்சம் பழைய உபுண்டு லினக்ஸ். டிஸ்க் முழுவதும் ஈஎக்ஸ்டி4 என்ற ஒரே ஃபைல் சிஸ்டம். வேறு எதையோ தேடப்போய் அன்றைக்கு 'எல்எஸ்மொட்' என்று தட்டினேன். கேர்னல் என்ற மையக்கருவுக்குள் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை, அதாவது துணைத் துண்டுகளை, காட்டும் கட்டளை. பட்டியலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

மினிக்ஸ், எச்எஃப்எஸ், கியூஎன்எக்ஸ்4, யூஎஃப்எஸ், ஜேஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்.

எல்லாம் ஃபைல் சிஸ்டங்கள். டிஸ்கில் எது எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைக்கும் முறைகள். ஒவ்வொரு கடைக்காரரும் தனக்கென்று ஒரு பேரேடு வைத்திருப்பதுபோல. மினிக்ஸ், பேராசிரியர் டனென்பாம் மாணவர்களுக்காக 1987இல் வெளியிட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது அதன் திண்ணையில் உட்கார்ந்துதான். எச்எஃப்எஸ் பழைய மக்கின்டோஷின் சொத்து. ஜேஎஃப்எஸ் ஐபிஎம் வீட்டுப் பிள்ளை. கப்பல் பில்லுகள் கிடக்கும் பெட்டிக்குள் இவர்களுக்கு என்ன அலுவல்?

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர், அங்கே நெடுநாள் எழுதுவினைஞர், கிட்ட வந்தார்.

"என்ன தம்பி, ஏதும் பூந்திட்டுதோ?"

"தெரியேல்லை ஐயா. கூப்பிடாத ஆக்கள் உள்ளுக்க நிக்கினம்."

"நிக்கட்டும். வேலை ஏதும் செய்யினமோ?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எல்எஸ்மொட்டின் மூன்றாவது நிரல் அதைத்தான் சொல்லும்: இந்த மொடியூலை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் நேரே பூச்சியம்.

வழக்கமாக மொடியூல் ஏறுவது சாமானைக் கண்டுதான். ஒரு கார்டைச் செருகினால் அது தன் அடையாள எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குரிய மொடியூலைக் கேர்னல் தேடி ஏற்றும். இங்கே யாரும் எதையும் செருகவில்லை. தொடக்கத்திலேயே ஏற்றும்படி எழுதிவைக்கும் பைலும் வெறுமை. கேர்னலின் செய்திகளைப் புரட்டினேன். ஒரு விடியற்காலை, ஆறுக்கும் ஏழுக்கும் இடையில், எல்லாரும் அடுத்தடுத்து வந்திறங்கியிருந்தார்கள். களவெடுக்க வருகிறவன் பழைய மக்கின்டோஷின் பேரேட்டையா தூக்கிக்கொண்டு வருவான்? பயம் பாதி இறங்கியது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு மற்ற லொக்குகளைப் பார்த்தபோது ஆள் அகப்பட்டது. தானாக நடக்கும் அப்டேட் அன்று புதிய கேர்னல் ஒன்றைப் போட்டிருக்கிறது. புதிய கேர்னல் வந்தால், பெட்டியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் தொடக்கப் பட்டியலைத் திருப்பி எழுத வேண்டும். அதற்குமுன், இந்த டிஸ்கில் வேறு ஒப்பரேட்டிங் சிஸ்டம் எதுவும் குடியிருக்கிறதா என்று விசாரிக்க ஓஎஸ்-புரோபர் என்றொரு சின்னப் புரோகிராம் கிளம்பும். அதன் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். ஒளிவுமறைவில்லாத நாலைந்து வரி. எந்தப் பார்ட்டிசனில் எந்தப் பேரேடு இருக்குமோ, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரையும் பெயர் சொல்லி முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. தேடிக் கிடைக்காவிட்டால் போய்விடும். எழுப்பியவர்களைத் திருப்பி அனுப்புவது அதன் வேலையில் இல்லை.

சன்னலுக்கு வெளியே உட்துறைமுகம். தண்ணீருக்கு அப்பால் சீனக்குடா. அங்கே காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படை, கிழக்கில் யுத்தம் வந்தாலும் வரும், எதற்கும் இருக்கட்டும் என்று கட்டியவை. இங்கே கதை கொஞ்சம் வேறு, யுத்தம் உண்மையாகவே வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அந்தத் தாக்குதலில் எரிந்த குதத்தின் எச்சம் இன்னும் கிடக்கிறது. 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் போனான். மிஞ்சிய 99 குதங்களும் நின்றன. 2003க்குப் பிறகு இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளை சிலவற்றைப் பாவித்தது. 2022 சனவரியில் கணக்கைப் பிரித்தார்கள்: அவர்களுக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டு பேரும் சேர்ந்து நடத்த 61. அந்த 61ஐ நினைத்தால் எனக்கு எல்எஸ்மொட்டின் மூன்றாவது நிரலில் நின்ற பூச்சியங்கள்தான் ஞாபகம் வரும்.

கூட்டாளி ஒருவன் போனில் அந்த மொடியூல்களை 'பிளாக்லிஸ்ட்' பண்ணச் சொன்னான். பலரும் சொல்வதுதான், ஆனால் இதற்கு உதவாது. பிளாக்லிஸ்ட், சாமானைக் கண்டு தானாக ஏறுவதை மட்டும் மறிக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வழி விட்டுவிடும். கூப்பிடுகிற வாயைத்தான் அடைக்க வேண்டும். கிரப்பின் அமைப்புப் பைலில் ஓஎஸ்-புரோபரை நிறுத்தும் ஒற்றை வரியைச் சேர்த்தேன். 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மூலத்திலேயே அதை நிறுத்தித்தான் தருகிறார்கள். சும்மா நிற்பவர்களை நிற்கவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேர்னலுக்குள் ஏறிய ஒவ்வொரு வரியும் முழு அதிகாரத்தோடு ஓடக்கூடிய வரி. அதிலொரு ஓட்டை இருந்தால் அது என் ஓட்டை.

பிறகு ஒவ்வொன்றாக இறக்கினேன். பூச்சியம் என்றபடியால் ஒருவரும் மல்லுக்கு நிற்கவில்லை. மினிக்ஸை மட்டும் கடைசிவரை வைத்திருந்தேன், ஒரு மரியாதைக்கு.

"போயிட்டினமோ?" என்றார் பெரியவர்.

"போயிட்டினம் ஐயா."

"அப்ப அந்தப் பிரிண்டரையும் ஒருக்காப் பாருமன். கிழமைக்கணக்கா மக்கர் பண்ணுது."